சால்டரிங் ஸ்டேஷனும் நான் வாங்கின பல்பும்

"முஜ்ஸே நஹீ ஹோகாப்பா."

எங்க வீட்டுல ஒரு கணக்கு இருக்குங்க. பொண்ணு தமிழ்ல அழுதா பசி, இல்லேன்னா தூக்கம். ஹிந்தியில சொன்னா விஷயம் பெருசு. டெல்லியில பிள்ளை வளர்க்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். "என்னால ஆகாதுப்பா"ன்னு அவ ஹிந்தியில சொன்னது ஒரு ஜனவரி மாச ஞாயித்துக்கிழமை ராத்திரி. டைனிங் டேபிள்ல பழைய பேப்பரை விரிச்சு, அது மேல எஃப்.எம். ரேடியோ கிட் ஒண்ணு கடை பரப்பிக் கிடக்கு. போர்டுல ஒரு மூலையில இருந்த செம்பு வட்டம் அப்படியே பேர்ந்து வந்து ஒரு ரெசிஸ்டரோட கால்ல ஒட்டிகிட்டு தொங்குது. சால்டரிங் அயனோட முனை கரிக்கட்டை மாதிரி கறுத்துப் போயிருக்கு. அம்மணி கண்ணுல தண்ணி.

வயசு பன்னண்டு. அதுக்கு முன்னாடி ரெண்டு கிட் செஞ்சிருக்கா. 555 ஐ.சி. வெச்சு எல்.இ.டி. மினுக்குற கிட் ஒண்ணு, மூணு தடவை கழட்டி மாட்டினதுக்கு அப்புறம் மினுக்குச்சு. கை தட்டினா லைட் எரியற கிட் ஒண்ணு, இன்னிக்கு வரைக்கும் கை தட்டினாலும் காலைத் தட்டினாலும் எரியலை. இப்ப மூணாவதும் போச்சு. "என் கை சரியில்லை"ன்னு முடிவு பண்ணி, எல்லாத்தையும் டப்பாவுல போட்டு மூடிட்டா.

அடியேன் பேங்க்ல ஆணி புடுங்குறவன். படிச்சது பி.காம். எனக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் உள்ள உறவு ரிமோட்டுக்கு பேட்டரி மாத்துறதோட சரி. அதனால, "பரவாயில்லடா, வேற ஏதாவது கத்துக்கலாம்"னு சொல்லிட்டு படுத்துட்டேன். தூக்கம் வரலை. ஏன்னா அந்த அயனை வாங்கினது நான். விலை 180 ரூபாய். கடைக்காரர் 400 ரூபாய்க்கு ஒண்ணு காட்டினார். "குழந்தை விளையாடுறதுக்கு இது போதும்"னு சொல்லி 220 ரூபாய் மிச்சம் பிடிச்சதை அன்னிக்கு ராத்திரி தங்கமணிகிட்ட பெருமையா சொல்லிக்கவும் செஞ்சேன்.

இந்த இடத்துல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். விருதுநகர்ல எங்க தெருமுனையில ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. ஸ்கூல் விட்டு வந்தா நான் அங்கதான். அந்த அண்ணன் ஈயக்கம்பியை வெச்சு அயனால ஒரு தொடு தொடுவார். சுர்ருன்னு ஒரு சத்தம், பிசின் வாசனையோட ஒரு புகை, அப்புறம் வெள்ளிப் பொட்டு மாதிரி ஒரு துளி. "அண்ணே, நான் ஒண்ணு வைக்கட்டா?"ன்னு ஒருநாள் கேட்டேன். குடுத்தார். பெருசா உருண்டையா ஒரு கட்டி விழுந்துச்சு. "உனக்கு கை நடுங்குதுடா தம்பி"ன்னு சிரிச்சார். அவர் வேணும்னு சொல்லலை. ஆனா எனக்கு அது மனசுல தங்கிடுச்சு. நமக்கு இது வராது, கணக்குதான் வரும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். கணக்கு நல்லாத்தான் வந்தது, சோறும் போடுது. ஆனா அன்னிக்கு ராத்திரி, அதே வாக்கியத்தை எம் பொண்ணு சொல்லிட்டு போய் படுத்திருக்கான்னு நினைச்சப்ப வயித்தைப் பிசைஞ்சது.

மறுநாள் சாயங்காலம் மேல் மாடி சர்தார்ஜிகிட்ட போனேன். திலக் நகர்ல டி.வி. ரிப்பேர் கடை வெச்சிருந்தவர். 1982 ஏஷியாட் சமயத்துல டெல்லிக்கு கலர் டி.வி. வந்தப்ப தொழிலுக்கு வந்த ஆள். கடையை மூடி பல வருஷமாச்சு, ஆனா பால்கனியை கண்ணாடி போட்டு அடைச்சு ஒரு மேஜையும் ஒரு சால்டரிங் ஸ்டேஷனும் வெச்சிருக்கார். மனுஷன் போர்டைப் பார்த்தார். அயனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. பொண்ணைக் கூப்பிட்டு, "புத்தர், இங்க உட்காரு"ன்னார். ('புத்தர்'னா பஞ்சாபியில பிள்ளைன்னு அர்த்தம். நாங்க இங்க வந்த புதுசுல, இவர் ஏன் எல்லாரையும் புத்தராக்குறார்னு தங்கமணி குழம்பினது தனிக்கதை.)

தன்னோட அயனை அவ கையில குடுத்தார். ஒரு உதவாத போர்டுல நாலஞ்சு ரெசிஸ்டர் மாட்டி, "முதல்ல காலையும் வட்டத்தையும் சேர்த்து தொடு. மனசுக்குள்ள ரெண்டு எண்ணு. இப்ப ஈயத்தை குடு. எடு." அவ்வளவுதான். பளபளன்னு, சின்ன எரிமலை மாதிரி, ஓரம் குழிஞ்சு ஒரு பொட்டு. அடுத்தது. அதுக்கு அடுத்தது. ஆறாவது பொட்டு வைக்கும்போது அவ என்னைத் திரும்பிப் பார்த்தா பாருங்க... அந்தப் பார்வையை எந்த ஹிந்தியிலயும் எந்த தமிழ்லயும் எழுத முடியாது.

சர்தார்ஜி என்கிட்ட சொன்னது ஒரே வரி: "கை நல்லாத்தான் இருக்கு. கருவிதான் பொய் சொல்லுது."

பொய் எப்படி சொல்லுதுன்னு அதுக்கப்புறம் விளக்கினார். எனக்குப் புரிஞ்ச பாஷையில, அதாவது தோசைக்கல் பாஷையில சொல்றேன்.

கிட் செய்யறதுக்கு நாம வாங்குற ஈயக்கம்பி சுத்த ஈயம் இல்லை. வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. 60/40ன்னு எழுதியிருந்தா 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். அது 183 டிகிரியில இளக ஆரம்பிச்சு 190 டிகிரிகிட்ட முழுசா உருகும். 63/37ன்னு ஒண்ணு இருக்கு. அது 183லயே ஒரேயடியா உருகி, ஒரேயடியா உறையும். நடுவுல கூழ் பதமே கிடையாது. ஆறும்போது கை கொஞ்சம் அசைஞ்சாலும் பொட்டு கெட்டுப் போற வாய்ப்பு கம்மி. கத்துக்கிறவங்களுக்கு இதுதான் நல்லதுன்னார்.

183ல உருகுதுன்னா அயனை 183ல வெச்சா போதுமான்னு கேட்டேன். (பேங்க் புத்தி.) போதாது. தோசைக்கல்லுல மாவு ஊத்தின உடனே கல்லு சூடு இறங்குதுல்ல, அதே மாதிரி அயன் முனை செம்பைத் தொட்ட உடனே சூடு இறங்கும். அதனால 320ல இருந்து 350 வரைக்கும் வெச்சு வேலை செய்வாங்க. என்னோட 180 ரூபாய் அயன் என்ன பண்ணும்? ஸ்டாண்டுல சும்மா இருக்கும்போது அது பாட்டுக்கு ஏறி 400 டிகிரி பக்கம் போய் நிக்கும். தொட்ட உடனே மடமடன்னு இறங்கும். பெரிய செம்புப் பரப்பா இருந்தா ஈயம் உருகாம கூழா நிக்கும். பிள்ளை என்ன பண்ணும், இன்னும் அழுத்தி, இன்னும் நேரம் வெச்சுப் பார்க்கும். அதுக்குள்ள போர்டுல செம்பை ஒட்டியிருக்கிற பசை வெந்துடும். வட்டம் பேர்ந்து வந்துடும். விலை கம்மியான பழுப்பு கலர் போர்டுல இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆக, சும்மா இருக்கும்போது ரொம்ப சூடு, வேலை செய்யும்போது சூடு பத்தாது. நம்ம ஆபீஸ்ல சில பேர் மாதிரி, ஹி ஹி.

ஸ்டேஷன்ங்கிறது என்னன்னா, முனைக்குப் பக்கத்துல சூட்டை அளக்கிற ஒரு சென்சார் இருக்கும். சூடு இறங்கினா பெட்டி உடனே கூடுதல் மின்சாரம் அனுப்பும். ஏறினா நிறுத்தும். எங்கம்மா தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சுப் பார்த்துப் பார்த்து அடுப்பைக் கூட்டி குறைப்பாங்களே, அந்த வேலை. சென்சார் இல்லாத அயன், அடுப்பை ஒரே அளவுல வெச்சுட்டு பக்கத்து வீட்டுக்கு பேசப் போனது மாதிரி.

அமெரிக்காவுல வெல்லர் கம்பெனி ஒரு காலத்துல இதை காந்தத்தை வெச்சே செஞ்சிருக்காங்க. முனையோட அடியில ஒரு சின்ன உலோகத் துண்டு, குறிப்பிட்ட சூடு வந்ததும் அது காந்த குணத்தை இழந்துடும், உடனே ஸ்விட்ச் விலகிடும். ஆறினா திரும்ப ஒட்டிக்கும். முனையில 7ன்னு போட்டிருந்தா 700 ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல சுமார் 370 டிகிரி. சூட்டை மாத்தணும்னா முனையை மாத்தணும். எவ்வளவு அழகான ஐடியா பாருங்க. கம்ப்யூட்டர் கிடையாது, டிஸ்ப்ளே கிடையாது.

சரி, வாங்கிடலாம்னு முடிவாச்சு. 2015 செப்டம்பர்ல இருந்து பேங்குகளுக்கு ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை லீவு. சாந்தினி சௌக் பக்கம் ஞாயித்துக்கிழமை கடை அடைப்பு. ஆக, பேங்க்காரனுக்கும் லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்கும் ஒத்து வர்ற நாள் மாசத்துல ரெண்டே ரெண்டு. ரெண்டாவது சனிக்கிழமை பொண்ணும் நானும் கிளம்பினோம். ஜனக்புரி வெஸ்ட்ல நீல லைன் ஏறி, மண்டி ஹவுஸ்ல ஊதா லைன் மாறி, லால் கிலா ஸ்டேஷன்ல இறங்கினா வேலை முடிஞ்சது. 2017ல அந்த ஸ்டேஷன் திறக்கிறதுக்கு முன்னாடி சாந்தினி சௌக் ஸ்டேஷன்ல இறங்கி கூட்டத்துல நீந்திப் போகணும்.

செங்கோட்டைக்கு எதிர்த்தாப்ல இருக்கு லஜ்பத் ராய் மார்க்கெட். சென்னைக்காரங்களுக்கு ஒரே வார்த்தையில சொல்லணும்னா ரிச்சி தெரு. இன்னும் குறுகலான சந்து, இன்னும் கொஞ்சம் சத்தம், நடுநடுவுல சோலே பட்டூரே வாசனை. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், ஒயர், ரிமோட், டிரான்ஸ்ஃபார்மர், சாக்குல கொட்டி வெச்ச கெபாசிட்டர்னு கடை கடையா போகுது. பொண்ணு வாயைப் பிளந்துகிட்டு வந்தா. நம்மூர்ல திருவிழாக் கடைக்கு கூட்டிட்டுப் போன மாதிரி ஒரு முகம்.

மூணு விதமான பொருள் காட்டினாங்க. விலையெல்லாம் அன்னிக்கு எனக்குச் சொன்னது. கடைக்கு கடை, நாளுக்கு நாள் மாறும்.

முதல் வகை 900 ரூபாய். அழகான பெட்டி, பெரிய திருகு, சுத்தி நம்பர் எல்லாம் போட்டிருக்கு. "சார்ஜி, இதுவும் ஸ்டேஷன்தான்." சர்தார்ஜி முன்னாடியே சொல்லி அனுப்பியிருந்தார்: "அயன் ஒயர் பெட்டியில சொருகுற இடத்துல எத்தனை முள்ளுன்னு எண்ணு." எண்ணினா, ஒயர் நேரா பெட்டிக்குள்ள போகுது, முள்ளே இல்லை. அதாவது உள்ள இருக்கிறது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒரு சமாச்சாரம். திருகினா மின்சாரம் கூடும் குறையும், ஆனா முனை எவ்வளவு சூடுன்னு பெட்டிக்கு தெரியவே தெரியாது. கல்லைப் பார்க்காம அடுப்பைத் திருப்புற கேஸ். எடையும் காத்தாடி மாதிரி.

ரெண்டாவது வகை 2,400 ரூபாய். ஜப்பான்ல ஒசாகாவுல ஹாக்கோன்னு ஒரு கம்பெனி, 1952ல ஆரம்பிச்சது. அவங்களோட 936ங்கிற மாடல் உலகம் பூரா ஓடுச்சு. அதை நிறுத்திட்டு எஃப்.எக்ஸ்.888ன்னு அடுத்தது கொண்டு வந்துட்டாங்க. ஆனா 936ஐ ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் காப்பி அடிச்சு இன்னும் செஞ்சுகிட்டே இருக்காங்க. பெட்டிக்குள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, 230 வோல்ட்டை 24 வோல்ட்டா குறைச்சுத்தான் அயனுக்கு அனுப்பும். அதனால நல்ல கனம். முள்ளு எண்ணினேன்: அஞ்சு. ஹீட்டருக்கு ரெண்டு, சென்சாருக்கு ரெண்டு, எர்த்துக்கு ஒண்ணு. இதுதான் நாங்க தேடி வந்தது.

மூணாவது, ஜப்பான்காரங்களோட அசல் சரக்கு. 12,000த்துக்கு மேல சொன்னாங்க. கையில எடுத்துப் பார்த்தா வித்தியாசம் தெரியுது, இல்லைன்னு சொல்லலை. ஒயர் ரப்பர் மாதிரி மடங்குது, கைப்பிடி பேனா மாதிரி உட்காருது.

இங்கதான் நம்ம பி.காம். வேலைக்கு வந்துச்சு. ஒரு பொருளோட விலை வேற, அதை வெச்சு ஓட்டுற செலவு வேற. லோன் வாங்க வர்றவங்ககிட்ட தினமும் சொல்றதுதான், எனக்கே மறந்து போச்சு. சால்டரிங் ஸ்டேஷன்ல தேய்மானம் முனையில. உள்ள செம்பு, மேல இரும்பு முலாம். அந்த முலாம் போச்சுன்னா ஈயமே செம்பைக் கரைச்சு தின்னுடும், முனை குழி விழுந்துடும். (என் 180 ரூபாய் அயன் கறுத்ததும் நான் உப்புத்தாள் வெச்சு தேய் தேய்னு தேய்ச்சு பளபளன்னு ஆக்கிக் குடுத்தேன். அப்பாவோட பாசம். முலாமைச் சுத்தமா வழிச்சு எடுத்தது நான்தான்னு அப்புறம் தெரிஞ்சது.) ஆக, கேட்க வேண்டிய கேள்வி "என்ன விலை?" இல்லை. "இதுக்கு முனை எங்க கிடைக்கும், எத்தனை வடிவத்துல கிடைக்கும், என்ன விலை?"

936 வகைக்கு சொருகுற முனையை 900எம்னு கேட்கணும். சந்துக்கு ரெண்டு கடையில தொங்குது, ஒண்ணு நூறு சொச்சம். அசல் சரக்குக்கு உண்டான முனை நாங்க நின்ன சந்துல ஒரு கடையில மட்டும் இருந்தது, அதுவும் ரெண்டே வடிவம், விலை பல மடங்கு. முனைக்குள்ளயே ஹீட்டரும் சென்சாரும் அடங்கின டி12 வகையும் ஒருத்தர் காட்டினார். சில நொடியில சூடாகுது, அருமையா இருக்கு. ஆனா முனை கெட்டா ஹீட்டரையும் சேர்த்துத் தூக்கிப் போடணும். பன்னண்டு வயசுப் பிள்ளை முதல் வருஷம் ரெண்டு முனையையாவது பாழாக்கும்னு ஒதுக்கீடு வெச்சுத்தான் கணக்கு போடணும், வாராக்கடனுக்கு வைக்கிற மாதிரி. நூறு ரூபாய் முனையைப் பாழாக்கினா சிரிச்சுகிட்டே இன்னொண்ணு மாட்டுவேன். எழுநூறு ரூபாய் முனையைப் பாழாக்கினா என் முகம் மாறும். அந்த முகத்தைப் பார்த்தா அவ மறுபடியும் டப்பாவை மூடிடுவா. இது எக்ஸெல் ஷீட்ல வராத செலவு. ஆனா எனக்கு அதுதான் பெரிய செலவா பட்டது.

ரெண்டாவது வகையை வாங்கினோம். கூட, உளி மாதிரி தட்டையா இருக்கிற முனை ஒண்ணு. ஊசி முனைதான் நுணுக்கமான வேலைக்கு நல்லதுன்னு நாம நினைப்போம், நிஜத்துல அது சூட்டைக் கடத்துறது கம்மி. தட்டை முனை தொடுற பரப்பு அதிகம், அதனால வேலை சீக்கிரம் முடியும், போர்டும் பிழைக்கும். அப்புறம் 22 கேஜ் ஈயக்கம்பி 63/37ல ஒரு சுருள், தப்பா வெச்ச ஈயத்தை உறிஞ்சி எடுக்க ஒரு பம்ப், முனை துடைக்க பித்தளை நார். கடைசியில ஒரு புது எஃப்.எம். கிட். பேரம் பேசினது பொண்ணுதான். அவ ஹிந்தியில பேசினா கடைக்காரர் இறங்குறார், நான் பேசினா ஏறுறார்.

வீட்டுக்கு வந்து மாட்டினோம். இங்கதான் நான் பல்பு வாங்கின கதை.

டேபிளுக்குப் பக்கத்துல கம்ப்யூட்டர் இருக்கிற எக்ஸ்டென்ஷன் போர்டுலயே ஸ்டேஷனையும் சொருகினேன். அரை மணி நேரம் அருமையா போச்சு. திடீர்னு "ஆவ்!"னு கையை உதறினா. என்னடான்னா, போர்டை பிடிச்சிருந்த விரல்ல சுரீர்னு ஏதோ எறும்பு கடிச்ச மாதிரி இருக்காம். நானும் தொட்டுப் பார்த்தேன். ஆமா. கடிக்குது. 180 ரூபாய் அயன்ல இல்லாத கடி, ஆயிரக்கணக்குல குடுத்து வாங்கின பெட்டியில! கடைக்காரரை மனசுக்குள்ள திட்டிகிட்டே மேல் மாடிக்கு ஓடினேன்.

சர்தார்ஜி கீழ வந்தார். ஹோல்டர்ல ரெண்டு ஒயர் இழுத்த ஒரு குண்டு பல்பை எடுத்துட்டு வந்தார். ப்ளக் பாயிண்ட்ல ஒரு ஒயரை லைன்லயும் இன்னொண்ணை நியூட்ரல்லயும் வெச்சார், எரிஞ்சது. அப்புறம் லைன்லயும் எர்த்துலயும் வெச்சார். எரியலை. (நீங்க யாரும் வீட்டுல இதை செஞ்சு பார்க்க வேணாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.) மீட்டர் எடுத்து எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல பார்த்தார். நூத்திப் பத்து வோல்ட் சொச்சம். ஒழுங்கான வீட்டுல அங்க ஒண்ணு ரெண்டு வோல்ட்தான் இருக்கணுமாம்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள வர்ற மின்சாரத்தை சுத்தம் பண்ற ஒரு ஃபில்டர் இருக்கு. அது ரொம்ப கொஞ்சமா மின்சாரத்தை எர்த் பக்கம் கசிய விடும். எர்த் ஒழுங்கா இருந்தா அது சத்தமில்லாம மண்ணுக்குப் போயிடும். எங்க வீட்டுல மூணாவது ஓட்டை இருக்கு, ஒயரும் இருக்கு, ஆனா அந்த ஒயர் கீழ மீட்டர் பக்கத்துல துருப்பிடிச்சு அறுந்து எத்தனை வருஷமாச்சுன்னு யாருக்கும் தெரியலை. அதனால கம்ப்யூட்டர்ல கசியறது, போர்டு வழியா ஸ்டேஷனோட எர்த்துக்கு வந்து, அஞ்சாவது முள்ளு வழியா அயன் முனைக்கு வந்து, எம் பொண்ணு விரலுக்கு வந்திருக்கு. ஸ்டேஷன் மேல எந்தத் தப்பும் இல்லை. சொல்லப் போனா, அது இல்லாட்டி இந்த விஷயம் தெரிஞ்சே இருக்காது. அதே எர்த்துலதான் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பாத்ரூம் கீசர் எல்லாம் இருக்கு. கீசர் உள்ள பழுதாகியிருந்தா? குளிக்கிறப்ப எறும்புக் கடியோட நின்னிருக்காது.

அன்னிக்கு ராத்திரி மூணு பேரும் பக்கெட் தண்ணியிலதான் குளிச்சோம், கேஸ்ல காய்ச்சி. திங்கக்கிழமை லீவு போட்டு எலக்ட்ரீஷியனை வரவழைச்சேன். புதுசா எர்த் குழி, மேல வரைக்கும் புது ஒயர், கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டுறதுக்குள்ள மொத்த சப்ளையையும் துண்டிக்கிற ஒரு ஆர்.சி.சி.பி. ஸ்டேஷன் விலையைப் போல நாலு மடங்கு ஆச்சு. தங்கமணி ஒரு வார்த்தை சொல்லலை. "இத்தனை வருஷமா வீடு முழுக்க மூணு முள்ளு ப்ளக்கா பார்த்து வாங்கினோமேங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

சர்தார்ஜி இன்னொண்ணும் சொல்லிக் குடுத்தார். டெல்லி குளிர்ல காத்து காஞ்சு கிடக்கும். ஸ்வெட்டர் கழட்டும்போது பட்பட்னு பொறி பறக்குதுல்ல? அந்தப் பொறி சில ஐ.சி.க்களுக்கு எமன். நம்மூர்ல ஈரக் காத்துல இது பெருசா தெரியாது. அதனால கிட்டைத் தொடுறதுக்கு முன்னாடி ஸ்வெட்டரை கழட்டி வெச்சுட்டு, எர்த் ஆன ஏதாவது இரும்பைத் தொட்டுட்டு உட்காரணும். "ஆனா முதல்ல எர்த் இருக்கணும்"னு சொல்லி என்னைப் பார்த்து சிரிச்சார்.

புகை விஷயத்தையும் சொல்லிடறேன். சால்டர் பண்ணும்போது வர்ற புகை காரீயம் இல்லை, அந்தச் சூட்டுக்கு காரீயம் ஆவியாகாது. அது கம்பிக்கு உள்ள இருக்கிற ரோசின், பைன் மரத்துப் பிசின்ல இருந்து எடுக்கிறது. ஆனா அதையே தினமும் சுவாசிச்சு ஆஸ்துமா வந்த தொழிலாளிங்க உண்டு. ஜனவரியில வெளிக்காத்தும் விஷம், ஜன்னலைத் திறக்க மனசு வராது. நாங்க கிச்சன் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் கீழ ஒரு மேஜை போட்டோம். சமையல் முடிஞ்சதும் அவ ஷிஃப்ட். காரீயம் போறது கை வழியா, வாய்க்கு. அதனால சால்டர் பண்ணும்போது திங்கிறது கிடையாது, முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவணும். இந்த ரெண்டு சட்டத்துக்கு மட்டும் தள்ளுபடி இல்லை. காரீயம் கலக்காத கம்பியும் இருக்கு. ஐரோப்பாவுல 2006 ஜூலையில இருந்து விக்கிற சாமான்ல எல்லாம் பெரும்பாலும் அதுதான். ஆனா அது உருக 217 டிகிரிக்கு மேல வேணும், கத்துக்கிறவங்க கைக்கு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கை பழகினதும் அதுக்கு மாறலாம்னு இருக்கோம்.

ஒரு வாரம் கழிச்சு, சனிக்கிழமை ராத்திரி, கடைசிப் பொட்டு வெச்சா. பேட்டரி மாட்டினா. கர்ர்ருன்னு இரைச்சல். திருகைத் திருப்பித் திருப்பி... திடீர்னு ஒரு குரல் தெளிவா வந்துச்சு. 102.6, எஃப்.எம். ரெயின்போ. ஏதோ பழைய ஹிந்திப் பாட்டு. அவ குதிச்ச குதியில மேல் மாடியில இருந்து சர்தார்ஜி இறங்கி வந்துட்டார்.

எனக்கு வேற ஒரு குரல் கேட்டுச்சுங்க. விருதுநகர்ல எங்க வீட்டு ரேடியோவுல காலையில தமிழ்ச் செய்தி வரும். வாசிக்கிறது சரோஜ் நாராயணசுவாமி. 2022ல காலமானாங்க. அந்தக் குரல் அப்ப டெல்லியில இருந்துதான் வரும். டெல்லின்னா எங்கேயோ வானத்துல இருக்கிற ஊர்னு நினைச்சுப்பேன். இப்ப அதே டெல்லியில உட்கார்ந்து, எம் பொண்ணு கையால பத்த வெச்ச ரேடியோவைக் கேட்கிறேன். இதை அவகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "சரிப்பா, நீ ஒண்ணு வைக்கிறியா?"ன்னு அயனை நீட்டினா.

உதவாத போர்டுல ஒரு ரெசிஸ்டர். தொட்டேன். ரெண்டு எண்ணினேன். ஈயம் குடுத்தேன். எடுத்தேன்.

"பரவாயில்ல, கை நடுங்கல"ன்னா. தமிழ்லதான் சொன்னா.

வாங்கப் போறவங்களுக்கு நாலு வரி:

1. அயன் ஒயர் பெட்டியில சேர்ற இடத்துல அஞ்சு முள்ளு இருக்கான்னு எண்ணுங்க. பெட்டியில இருக்கிற திருகையும் நம்பரையும் பார்த்து ஏமாறாதீங்க.
2. பெட்டிக்கு விலை கேட்கிறதுக்கு முன்னாடி முனைக்கு விலை கேளுங்க. உங்க ஊர்க் கடையில தொங்குற முனை எதுவோ, அதுக்கு ஏத்த பெட்டியை வாங்குங்க. தட்டை முனை ஒண்ணு கட்டாயம்.
3. 320ல இருந்து 350க்குள்ள வேலை முடியலைன்னா சூட்டை ஏத்தாதீங்க, பெரிய முனையா மாத்துங்க. உப்புத்தாள் வீட்டுலயே இருக்க வேணாம்.
4. ஸ்டேஷன் வாங்குற அன்னிக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைப் பாருங்க. ஸ்டேஷன் வாங்கலைன்னாலும் பாருங்க.

டிஸ்கி: கை தட்டினா எரியற அந்த பழைய கிட்டை அவ புது ஸ்டேஷன்ல மறுபடி பத்த வெச்சா. இப்ப எரியுது. தங்கமணி குக்கர் விசில் அடிச்சாலும் எரியுது. அதுக்கு என்ன பண்றதுன்னு மேல் மாடியில ஆலோசனை நடந்துகிட்டிருக்கு.